குண்டை நிறுத்த நேரம் இருந்தும் அவுல்மேன் ஏன் சும்மா நின்றான்?

கேட்கப்பட்டது இதுதான்: "ஜஸ்டிஸ் லீக்: க்ரைசிஸ் ஆன் டூ எர்த்ஸ்" படத்தின் கடைசியில் அவுல்மேன் கையருகே குண்டு, நிறுத்த வேண்டிய பட்டன், சில நொடிகள் எல்லாமே இருந்தன, பிறகு ஏன் நிறுத்தவில்லை? கூடவே இன்னொன்று: ஜானி குயிக் செத்துப்போவான் என்று தெரிந்தே அவனை அனுப்பிய பேட்மேனை நல்லவன் என்று சொல்ல முடியுமா?

இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள் என்றுதான் நினைக்கிறேன், அதனால் சேர்த்தே எழுதுகிறேன். முடிவு வரைக்கும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்றேகால் மணி நேரம்தான்.

பார்த்து ரொம்ப நாளானவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாக. 2010 பிப்ரவரியில் தியேட்டருக்கு வராமல் நேராக டிவிடியில் வந்த அனிமேஷன் படம். சாம் லியு, லாரன் மான்ட்கோமரி இயக்கம், டுவைன் மெக்டஃபி எழுத்து. ஒரு இணைப் பூமியில் நம்முடைய ஹீரோக்களின், அதாவது ஜஸ்டிஸ் லீக் குழுவின், இடத்தில் க்ரைம் சிண்டிகேட் என்ற கும்பல் இருக்கிறது: சூப்பர்மேனுக்குப் பதில் அல்ட்ராமேன், வொண்டர் வுமனுக்குப் பதில் சூப்பர்வுமன், ஃபிளாஷுக்குப் பதில் ஜானி குயிக், கிரீன் லான்டர்னுக்குப் பதில் பவர் ரிங், பேட்மேனுக்குப் பதில் அவுல்மேன். நம் பூமியில் சூப்பர்மேனின் பெரிய எதிரியான லெக்ஸ் லூத்தர்தான் அந்த ஊரில் நல்லவன். ஜோக்கரின் மறுபிரதியான ஜெஸ்டர் அவனுடைய கூட்டாளி, முதல் சில நிமிடங்களிலேயே லூத்தரைத் தப்பவைப்பதற்காக உயிரைக் கொடுக்கிறான். லூத்தர் நம்முடைய பூமிக்கு ஓடி வந்து உதவி கேட்கிறான். சூப்பர்மேன் சந்தேகத்தோடு எக்ஸ்ரே கண்ணால் பார்த்தால், இவனுக்கு உள்ளுறுப்புகள் எல்லாம் இடம் வலமாக மாறி இருக்கின்றன. வேறு லூத்தர் என்பதை நிரூபிக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது, ஒரு வசனம் வீணாகவில்லை.

இதுவரை வழக்கமான கண்ணாடிக் கதை. நல்லவர்களின் கெட்ட பதிப்பு, கெட்டவர்களின் நல்ல பதிப்பு, இரண்டு கோஷ்டியும் மோதுகின்றன. இந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துவது மோதல் இல்லை, அவுல்மேனின் தலைக்குள் ஓடும் கணக்கு.

அந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் கடைசிக் காட்சி தானாகவே விளங்கும். அவன் சொல்வது: நாம் ஒரு முடிவெடுக்கும்போதெல்லாம் பிரபஞ்சம் கிளை பிரிகிறது. இங்கே நீ ஒருவனைக் காப்பாற்றினால் வேறொரு பூமியில் நீயே அவனைக் கொன்றிருப்பாய். எது செய்தாலும் அதற்கு நேர் எதிரானதும் எங்கோ நடந்தே தீரும் என்றால், நீ எதைத் தேர்ந்தெடுத்தாய் என்பதற்கு என்ன மதிப்பு? பூஜ்யம். சரி, அப்படியென்றால் அர்த்தமுள்ள ஒரே ஒரு செயலாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறான். இருக்கிறது. எல்லாக் கிளைகளும் புறப்பட்ட முதல் பூமியை, எர்த் பிரைமை, அழித்துவிட்டால் அத்தனை பூமியும் போய்விடும். மற்ற எந்த முடிவுக்கும் எதிர்முடிவு ஒன்று எங்கோ பத்திரமாக உட்கார்ந்திருக்கும். இந்த ஒன்றுக்கு இருக்காது, ஏனென்றால் இருப்பதற்கு இடமே இருக்காது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுகிற நுணுக்கம் ஒன்று. "சரி, வேறொரு பூமியில் இன்னொரு அவுல்மேன் இந்தக் குண்டை வெடிக்காமல் விட்டிருப்பானே, அப்போது இதுவும் அர்த்தமில்லாதது தானே?" என்று கேட்கலாம். ஆனால் கோடி அவுல்மேன்கள் மனம் மாறி வீட்டுக்குப் போனாலும், ஒரே ஒருவன் வெற்றி பெற்றால் போதும், மனம் மாறியவர்களும் சேர்ந்தே காலி. அதனால்தான் அவனுக்கு இது உலகை ஆளும் திட்டமாகவோ பழிவாங்கலாகவோ தெரியவில்லை, தன் வாழ்நாளில் எடுக்கக்கூடிய ஒரே நிஜமான முடிவாகத் தெரிகிறது. சூப்பர்வுமனிடம் இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபமே இல்லை. ஜேம்ஸ் வுட்ஸ் அந்த வசனங்களைப் பேசியிருக்கும் விதம், மாதக் கடைசியில் கணக்கை முடித்து லெட்ஜரை மூடுகிற ஆள் மாதிரி அவ்வளவு களைப்பாக, அவ்வளவு நிதானமாக இருக்கும். சூப்பர்வுமனுக்கோ இது தத்துவமே இல்லை, எல்லோரும் சாவார்கள் என்ற செய்தி ஒன்றே போதும், கண் மின்னுகிறது. அல்ட்ராமேனுக்குத் திட்டமே தெரியாது. கும்பலுக்குள் மூன்று பேர் மூன்று வேறு காரணத்துக்காகக் கெட்டவர்களாக இருக்கிறார்கள். பணமும் அதிகாரமும் அல்ட்ராமேனுக்கு, கொல்லும் சுகம் சூப்பர்வுமனுக்கு, வெறுமை அவுல்மேனுக்கு. அல்ட்ராமேனை நியூயார்க் மாஃபியா தலைவன் மாதிரியே பேசவைத்திருப்பது சும்மா நகைச்சுவைக்காக இல்லை. அவன் சாதாரண ரவுடி, கைக்குச் சக்தி கிடைத்துவிட்ட ரவுடி, அவ்வளவுதான்.

இப்போது கடைசிக் காட்சி. எர்த் பிரைம் உயிரே இல்லாத ஒரு பாழ் பூமி. பேட்மேன் அங்கே போய் அவுல்மேனோடு மோதி, அவனையும் குண்டையும் சேர்த்து வேறொரு ஆளில்லாத, உறைந்துபோன பூமிக்குத் தள்ளிவிடுகிறான். அங்கே அவுல்மேன் எழுகிறான். சுற்றிலும் பனி. குண்டில் நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவன் திரையைப் பார்க்கிறான், நிறுத்த முடியும் என்று தெரிகிறது, உதட்டில் சின்னச் சிரிப்பு வருகிறது, இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறான். வெடிக்கிறது.

ஏன்? அவன் நின்றுகொண்டிருப்பது எர்த் பிரைம் இல்லை. இந்தப் பூமி வெடித்தால் ஒரு கிளைதான் முறியும். ஆக, அவனுடைய "ஒரே நிஜமான முடிவு" கையை விட்டுப் போய்விட்டது. மிச்சமிருப்பது பட்டனை அழுத்துவதா வேண்டாமா என்பது, அது அவன் அகராதிப்படி மற்ற எல்லா முடிவுகளையும் போல வெற்று முடிவு. இங்கே அழுத்தினால் வேறொரு இடத்தில் அழுத்தாமல் சாவான், இங்கே அழுத்தாவிட்டால் வேறொரு இடத்தில் அழுத்திப் பிழைப்பான். பிறகு எதற்குக் கையை நீட்ட வேண்டும்?

அவன் பொய் சொல்லவில்லை என்பதற்கு இதுதான் சாட்சி. இந்த மாதிரித் தத்துவம் பேசுகிற வில்லன்கள் சினிமாவில் நிறைய உண்டு, கழுத்தில் கத்தி வைத்தால் தத்துவம் பறந்துபோய் உயிருக்குக் கெஞ்சுவார்கள். அவுல்மேன் கெஞ்சவில்லை. சொன்னதை நம்பினான், நம்பியதற்கேற்பச் செத்தான். எழுத்தாளராக மெக்டஃபி வில்லனுக்குக் கொடுத்த மரியாதை என்றே இதைச் சொல்லலாம்.

ஆனால் அவன் வாதம் சரியா? என் பார்வையில் இல்லை, அதில் பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தக் கிளை பிரிகிற யோசனைக்கு அறிவியலில் ஒரு சொந்தக்காரர் உண்டு, ஹியூ எவரெட். பிரின்ஸ்டனில் 1957இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு வந்தது. அதில் கிளை பிரிவது குவாண்டம் நிகழ்வுகளால், நீங்கள் காபியா டீயா என்று யோசிப்பதால் இல்லை. எல்லாக் கிளைக்கும் ஒரே எடையும் கிடையாது. நடக்க வாய்ப்பு அதிகமுள்ளதற்கு அதிக எடை. "எது செய்தாலும் எதிரானதும் அதே அளவுக்கு நடந்துவிடும்" என்பதை எவரெட்டிடமிருந்து எடுக்க முடியாது. நிதானமாக யோசித்து நல்லது செய்கிற ஒருவன் பெரும்பாலான கிளைகளில் நல்லதுதான் செய்வான். சரி, இது காமிக்ஸ், இயற்பியலை இழுக்க வேண்டாம் என்றால் அதற்கும் தயார். அவன் சொல்கிறபடியே பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், இங்கே கன்னத்தில் அறை வாங்கியவனுக்கு "இன்னொரு பூமியில் உனக்கு மாலை போட்டார்கள்" என்று சொன்னால் வலி குறையுமா? முடிவின் மதிப்பை அவுல்மேன் மொத்தக் கூட்டுத்தொகையில் தேடுகிறான், அது கிடைப்பதோ பக்கத்தில் இருக்கிற ஆளிடம்.

படம் இந்தப் பதிலை வசனமாகச் சொல்லாமல் ஒரு துணைக் கதையில் வைத்திருக்கிறது, அதைப் பலரும் காதல் காட்சி என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பூமியின் அமெரிக்க ஜனாதிபதி ஸ்லேட் வில்சன். நம் பக்கத்தில் இதே பெயர்க்காரன் டெத்ஸ்ட்ரோக், காசுக்குக் கொலை செய்பவன். அங்கே முன்னாள் ராணுவ வீரர், நேர்மையானவர், ஆனால் பயந்தவர். ஜஸ்டிஸ் லீக் சிரமப்பட்டுப் பிடித்துக்கொடுத்த சிண்டிகேட் ஆட்களை, பதிலடியில் ஊர் ஊராகச் சாவார்கள் என்று பயந்து அவரே விடுதலை செய்துவிடுகிறார். அவர் மகள் ரோஸ் வாயை மூடாமல் எதிர்த்துப் பேசுகிறாள். அவளைக் கொல்ல ஆள் வருகிறது. ஜஸ்டிஸ் லீக்கில் இருக்கும் மார்ஷியன் மேன்ஹன்டர் காப்பாற்றுகிறான். கடைசியில் அதே வில்சன் படையோடு வந்து சிண்டிகேட்டைக் கைது செய்கிறார். வேறு பூமிகளில் கோடி வில்சன்கள் பயந்தே வாழ்ந்திருக்கலாம். இந்தப் பூமியில் இருக்கிறவர்களுக்கு அதனால் என்ன? இவர் துணிந்தார், இவர்கள் ஊர் மாறியது.

பேட்மேனின் பதில் ரொம்பச் சுருக்கம். நாம் இருவருமே பாதாளத்தை எட்டிப் பார்த்தவர்கள், அது திரும்பிப் பார்த்தபோது கண் இமைத்தவன் நீதான் என்கிறான். நீட்சே 1886இல் எழுதிய ஒரு வாசகத்தைத் திருப்பிப்போட்ட வசனம், ரசிகர்கள் கொண்டாடுகிற வசனம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாதத்துக்குப் பதில் இல்லை அது. சண்டைக்கு நடுவில் வேறு என்ன பேச முடியும் என்று விட்டுவிடலாம்.

இப்போது ஜானி குயிக். இதற்கு முன் கொஞ்சம் பழைய கதை வேண்டும், ஏனென்றால் இன்னொரு பூமிக்குக் கதவைத் திறக்க ஏன் அதிவேக ஓட்டக்காரன் தேவைப்படுகிறான் என்பது படத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே முடிவான விஷயம். 1961இல் ஃபிளாஷ் 123ஆம் இதழ், கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத்து, கார்மைன் இன்ஃபன்டினோ ஓவியம். ஃபிளாஷான பேரி ஆலன் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி காட்டுகிறான், அந்தரத்தில் கயிற்றைப் பிடித்து ஏறி மறைகிற இந்திய வித்தை இருக்கிறதே, அதை. மறைவதற்காக உடம்பை வேகமாக அதிரவைக்கிறான், அதிர்வு எக்குத்தப்பாகப் போய் வேறு பூமியில் விழுகிறான், அங்கே பழைய காலத்து ஃபிளாஷான ஜே காரிக்கைச் சந்திக்கிறான். டிசி காமிக்ஸின் இணைப் பூமிகள் எல்லாம் அங்கிருந்து முளைத்தவை. மூன்று வருடம் கழித்து, 1964இல், ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா 29ஆம் இதழில் அதே ஃபாக்ஸ், மைக் செகோவ்ஸ்கியின் ஓவியத்தோடு, மூன்றாவது பூமியையும் க்ரைம் சிண்டிகேட்டையும் கொண்டுவந்தார். அந்தப் பூமியில் வரலாறே தலைகீழ்: கொலம்பஸ் அமெரிக்காவிலிருந்து போய் ஐரோப்பாவைக் கண்டுபிடிக்கிறார், இங்கிலாந்து அமெரிக்காவிடமிருந்து சுதந்திரம் வாங்குகிறது. சிறுபிள்ளைத்தனமான குறும்புதான், ஆனால் படிக்க ஜாலி.

பழைய காமிக்ஸில் பூமிகள் பிரிந்திருப்பது அதிர்வு வித்தியாசத்தால் மட்டும், அதில் யாருடைய முடிவுக்கும் பங்கில்லை. மெக்டஃபி இரண்டையும் முடிச்சுப் போட்டார். தத்துவத்துக்கு முடிவுகளால் பிரியும் பூமி, கதவு திறக்க அதிர்வு. எர்த் பிரைமுக்கு வழி திறக்க ஒரு ஓட்டக்காரன் தன் உடம்பை உச்ச வேகத்தில் அதிரவைத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபிளாஷ் இருக்கிறான், ஜானி குயிக்கும் இருக்கிறான். பேட்மேன் ஜானியைத் தேர்ந்தெடுக்கிறான், அவன்தான் வேகமானவன் என்ற சாக்கில். வேலை முடியும்போது ஜானியின் உடம்பு சில நொடியில் கிழடாகிச் சுருங்கிவிடுகிறது. சாகும் முன் அவனுக்குப் புரிந்துவிடுகிறது, பேட்மேனுக்கு இது முன்பே தெரியும் என்று.

அந்தச் சில நொடிகள்தான் படத்திலேயே என்னை அதிகம் உறுத்துபவை. அவுல்மேன் சாவில் பேட்மேன் கை அவ்வளவு அழுக்காகவில்லை, நிறுத்துவதற்கு நேரம் விட்டுத்தான் அனுப்பினான், சாவதை அவுல்மேனே தேர்ந்தெடுத்தான். ஜானிக்கு அந்த வாய்ப்புத் தரப்படவில்லை. அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுத்திருக்கலாம், மறுத்தால் எல்லாப் பிரபஞ்சமும் போயிருக்கும், அவனும் சேர்ந்து. அல்லது ஃபிளாஷுக்கு விஷயம் தெரிந்தால் ஒரு நொடி யோசிக்காமல் நானே போகிறேன் என்று நின்றிருப்பான், அவன் குணம் அப்படி. ஆக பேட்மேன் செய்தது ஒரே கல்லில் இரண்டு: எதிரி மறுக்க முடியாமல் செய்தான், நண்பன் தியாகி ஆக முடியாமல் செய்தான். இரண்டு பேரிடமும் பொய்.

நல்லவன் செய்கிற வேலையா என்றால், எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அந்த இடத்தில் பேட்மேன் யோசித்த விதம் அப்படியே அவுல்மேனின் விதம்: ஆட்களை எண்ணாக்கி, கூட்டிக் கழித்து, விடையை முகத்தில் காட்டாமல் வைத்துக்கொள்வது. வித்தியாசம், பேட்மேனின் கணக்கில் யாருடைய உயிருக்கும் மதிப்பு பூஜ்யம் இல்லை. ஜானியின் உயிருக்கும்தான். அதனால்தான் அது அவனுக்குப் பாரமாகிறது. படம் இதைப் பற்றி ஒரு நிமிடமாவது பேசியிருக்கலாம், பேசவில்லை. அப்படியே கடந்து போய்விடுகிறது. குறை என்றால் இதுதான் என் பெரிய குறை.

படத்தில் சில விஷயங்கள் ஒட்டாமல் நிற்பதாகத் தோன்றினால் அதற்கும் காரணம் இருக்கிறது. இது முதலில் ஜஸ்டிஸ் லீக் தொலைக்காட்சித் தொடருக்கும் அதன் தொடர்ச்சியான ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெடுக்கும் நடுவில் வைக்க, வேர்ல்ட்ஸ் கொலைட் என்ற பெயரில் எழுதப்பட்ட கதை. அப்போது கிடப்பில் போடப்பட்டு, பிறகு தூசி தட்டி, தொடரோடு சம்பந்தமில்லாத தனிப் படமாக மாற்றினார்கள். அதனால்தான் விண்வெளி நிலையமான வாட்ச்டவர் பாதி கட்டிய நிலையில் இருக்கிறது, வொண்டர் வுமனுக்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாத விமானம் எப்படிக் கிடைத்தது என்று தனியாக ஒரு காட்சி இருக்கிறது, முடிவில் திடீரென்று உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று பேச்சு வருகிறது. எல்லாம் அந்தத் தொடரின் இரண்டு பாதிகளை ஒட்டவைக்கப் போட்ட தையல். தொடர் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும், மற்றவர்களுக்கு "இதெல்லாம் எதற்கு?" என்றிருக்கும்.

அதே தொடரில் 2003இல் வந்த எ பெட்டர் வேர்ல்ட் என்ற இரண்டு பாகக் கதையையும் தேடிப் பாருங்கள். அங்கே கெட்ட இணைகள் பிறவிக் கெட்டவர்கள் இல்லை. ஜனாதிபதியாகிவிட்ட லூத்தரை சூப்பர்மேன் ஒரே ஒரு முறை கொன்றுவிடுகிறான், அங்கிருந்து அவனும் கூட்டாளிகளும் நல்லெண்ணத்தோடே சர்வாதிகாரி ஆகிறார்கள். கண்ணாடிக் கதையாக அது இந்தப் படத்தைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி, ஏனென்றால் இங்கே அல்ட்ராமேன் எந்த முடிவில் சூப்பர்மேனிடமிருந்து பிரிந்தான் என்று படம் சொல்லவே இல்லை. முடிவுகளால்தான் பூமிகள் பிரிகின்றன என்று இவ்வளவு பேசுகிற படத்தில் அந்த ஒரு முடிவைக் காட்டாமல் விட்டது விசித்திரம். அவுல்மேன் யார், முகமூடிக்குள் இருப்பது எவன் என்பதையும் சொல்லவில்லை. கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த ஜேஎல்ஏ: எர்த் 2 என்ற காமிக்ஸில் அவன் தாமஸ் வேன் ஜூனியர், நம் பூமியில் பேட்மேனாகிற புரூஸின் அண்ணன், அங்கே செத்தது புரூஸ். கேள்வி கேட்டவருக்கு அவுல்மேன் மேல்தான் ஆர்வம் என்று தெரிவதால், படத்துக்கு அடுத்து அந்தப் புத்தகத்தைத்தான் எடுக்கச் சொல்வேன். அதில் இந்தத் தத்துவப் பேச்சு இருக்காது, எல்லாக் கிளையையும் அழிக்கிற திட்டம் மெக்டஃபியின் கைவண்ணம். ஆனால் தலைகீழ் உலகத்தில் நல்லவர்கள் ஏன் ஜெயிக்கவே முடியாது என்று அதில் மாரிசன் போடுகிற முடிச்சு, வேறு ஒரு இரவு முழுக்கத் தூக்கத்தைக் கெடுக்கும்.